வாக்கில்லா ஆசனத்தில் ஓர் அரசகுமாரர்

ஒரு நாட்டு மக்கள் வெயிலில் வரிசையாக நின்று வாக்களித்து ஒருவரைத் தெரிந்தெடுத்துத் தூரதேசத்துச் சட்டசபைக்கு அனுப்புகின்றனர். அவரும் கடல் கடந்து, தரை கடந்து, அச்சபையிற் போய் அமர்கின்றார். அவர் அங்கே பேசலாம், மசோதாக்களைக் கொண்டுவரலாம், குழுக்களில் இருந்து காரியங்களை ஆராயலாம். ஆனால் பேச்செல்லாம் முடிந்து, முடிவு காணும் வேளை வந்து, உறுப்பினர் பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படும்போது அவர் பெயர் மட்டும் அழைக்கப்படுவதில்லை. ஏனெனின் அவருக்கு அங்கே வாக்கு இல்லை. வாக்களித்து அனுப்பப்பட்டவர் வாக்களிக்க முடியாதவராக இருக்கின்றார்.

இத்தகைய ஓர் ஆசனத்தைப் பற்றி நான் முதன்முதல் படித்தபோது, ஆள்வோர் ஆளப்படுவோருக்குக் காட்டும் வேடிக்கை இது என்றே எண்ணினேன். அதனை ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றியும் எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருக்கவில்லை. பசித்தவனுக்கு வெற்றிலையை இட்டு, உண்டதாகப் பாவித்துக்கொள் என்று சொன்னால் அதற்கு இணங்கியவன் பேதையா, அல்லது சோற்றுக்கு வேறு வழி கண்ட சாமர்த்தியசாலியா? இக்கேள்விக்கு விடை காணவேண்டி நான் தேடிச்சென்ற வாழ்க்கைகளுள் ஒன்று ஹவாய்த் தீவுகளின் அரசகுமாரர் ஜோனா கூஹியோ கலானியானவோலேயின் வாழ்க்கை. அதனைப் படித்து முடித்தபோது என் முதல் எண்ணம் அப்படியே நிலைக்கவில்லை. முற்றாக மாறிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. இரண்டுக்கும் நடுவே நான் நிற்கும் இடத்தை வாசகர்களுக்குக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசனத்தின் கதை

அமெரிக்க ஐக்கிய நாடுகள் மேற்கு நோக்கிப் பரந்துசென்ற காலத்தில், மாநிலம் என்ற தகுதியை இன்னும் அடையாத நிலப்பரப்புகளை ஆட்சிப் பிரதேசங்கள் என வகுத்து ஆண்டது. 1787ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வடமேற்குப் பிரதேசச் சட்டம், அத்தகைய பிரதேசம் ஒன்று காங்கிரசுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம், அவர் விவாதிக்கலாம், ஆனால் வாக்களிக்கலாகாது என்று விதித்தது. 1794இல் தென்மேற்குப் பிரதேசத்திலிருந்து வந்த ஜேம்ஸ் வைற் என்பவரே அவ்வாறு வந்து அமர்ந்த முதல்வர். 1799இல் வடமேற்குப் பிரதேசத்தின் சட்டசபை தன் பிரதிநிதியைத் தெரிந்தபோது, வில்லியம் ஹென்றி ஹரிசன் 11 வாக்குப் பெற்று, 10 வாக்குப் பெற்றவரை வென்றார். ஒரே ஒரு வாக்கினால் வாக்கில்லா ஆசனத்தைப் பெற்ற அவர் 1841இல் அந்நாட்டின் ஜனாதிபதியானார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடும்.

ஆனால் அப்பிரதேசங்களுக்கும் ஹவாய்க்கும் பெரிய வேற்றுமை உண்டு. அங்கே சென்று குடியேறியவர்கள் அமெரிக்கர்களே. நாளை நாமும் மாநிலமாவோம் என்ற நம்பிக்கையோடு அவர்கள் காத்திருந்தனர். ஹவாயோ தனக்கென அரசும் கொடியும், அயல்நாடுகளோடு உடன்படிக்கைகளும் கொண்டிருந்த ஓர் இராச்சியம். அதன் மக்கள் எவருடைய வாயிலிலும் சென்று காத்திருந்தவர்கள் அல்லர். வாயில் அவர்கள்மேல் வந்து விழுந்தது.

மூன்று சகோதரர்

கூஹியோ 1871ஆம் ஆண்டு மார்ச் மாதம் 26ஆம் நாள் கவுவாய்த் தீவின் கொலோவா என்னும் இடத்திற் பிறந்தார். தாய்வழியில் அவர் கவுவாய்த் தீவின் பழைய அரசமரபினர். அவருடைய தாயின் தமக்கையாகிய கபியோலானி, மன்னர் கலகாவுவாவின் பட்டத்தரசி. பிள்ளைப்பேறு இல்லாத அவ்வரச தம்பதியினர் கூஹியோவையும் அவருடைய மூத்த சகோதரர் இருவரையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். அவர்களுக்கு இளவரசுப் பட்டமும் சூட்டினர். கூஹியோவின் குறும்பு மின்னும் கண்களைக் கண்டு பள்ளிக்கூடத்தில் மன்மதன் என்று பொருள்படும் செல்லப்பெயர் ஒன்று அவருக்கு இடப்பட்டது. அப்பெயர் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

மூவரும் கலிபோர்ணியாவில் ஓர் இராணுவப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். 1885ஆம் ஆண்டுக் கோடையில் சான்ற குரூஸ் என்னும் கரையோர ஊரில், செம்மரத்திற் செதுக்கிய நீண்ட பலகைகளை ஏந்திச்சென்று, அலைமேல் ஏறி நின்று விளையாடினர். அலைச்சறுக்கு எனும் அந்த ஹவாய் விளையாட்டை அமெரிக்கப் பெருநிலம் கண்டது அதுவே முதன்முறை என்பர். இரண்டு ஆண்டுகள் கழித்து நடுவர் எட்வேட் நோயினால் இறந்தார். எஞ்சிய இருவரும் இங்கிலாந்திலும் கல்வி பயின்று திரும்பினர். அரசு நிலைத்திருந்தால், கூஹியோ ஆடல்பாடல்களுக்கும் விருந்துகளுக்கும் இடையே இனிய வாழ்வு வாழ்ந்து மறைந்திருப்பார். இன்று எவரும் அவரைப் பற்றி எழுதமாட்டார்.

அரசு நிலைக்கவில்லை. கரும்புத் தோட்டங்களால் செல்வம் திரட்டிய அமெரிக்க வழியினர் 1887இல் துப்பாக்கி முனையில் மன்னரிடம் ஓர் அரசியலமைப்பைத் திணித்து அவருடைய அதிகாரத்தைப் பறித்தனர். 1891இல் கலகாவுவா இறக்க, அவருடைய தங்கை லிலியுவோகலானி அரசியானார். இழந்த அதிகாரத்தை மீட்கும் புதிய அரசியலமைப்பு ஒன்றை அவர் வகுக்க முற்பட்டபோது, 1893 ஜனவரி 17ஆம் நாள், துறைமுகத்தில் நின்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து படைவீரர் கரையிறங்கி நிற்க, அத்தோட்ட முதலாளிகளின் குழு அரசியை அரியணையினின்றும் நீக்கியது. அடுத்த ஆண்டு அவர்கள் ஒரு குடியரசைப் பிரகடனஞ் செய்தனர். சான்போட் டோல் என்பவர் அதன் ஜனாதிபதியானார்.

சிறையும் அலைவும்

1895 ஜனவரியில் அரசியின் அன்பர்கள் ஆயுதமேந்தினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் றொபேட் வில்கொக்ஸ். இவரைப் பற்றி இங்கே சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனின் நம் கதையின் மறுபாதி இவரே. அமெரிக்கக் கப்பற்றலைவர் ஒருவருக்கும் மவுவித் தீவின் சுதேசப் பெண்ணொருத்திக்கும் 1855இற் பிறந்தவர். பள்ளி ஆசிரியராய் இருந்தவர். மன்னரால் இத்தாலிக்கு அனுப்பப்பட்டு அங்கே பீரங்கிப்படைக் கல்வி கற்றவர். 1889இலேயே ஒருமுறை ஏறத்தாழ 150 பேருடன் அரண்மனை வளாகத்தைக் கைப்பற்றித் தோற்று, பின் சுதேச யூரிகளால் விடுதலை செய்யப்பட்டவர். அஞ்சாமை அவருடைய செல்வம். நிதானம் அவரிடம் இல்லாதது.

இருபத்துமூன்று வயது இளைஞரான கூஹியோ அவரோடு சேர்ந்தார். கிளர்ச்சி சில நாட்களுள் அடக்கப்பட்டது. வில்கொக்சுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின் சிறைத்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. கூஹியோவுக்கு ஓராண்டுச் சிறை. அரசியோ தம் அரண்மனையின் மேல்மாடி அறையொன்றிலேயே காவலில் வைக்கப்பட்டார். தம் மக்களின் உயிரைக் காக்க அரியணையைத் துறப்பதாகக் கையெழுத்திட்டார். கூஹியோ சிறையில் இருந்த காலத்தில் அவரைச் சென்று கண்டு ஆறுதல் அளித்து வந்த எலிசபெத் ககானு என்னும் பெருங்குடிப் பெண்ணை அவர் விடுதலையானபின் 1896இல் மணந்தார். மணி முடி போன பின்பும் தம்மை நாடி வந்த அன்பு அது.

1898இல் அமெரிக்கா ஹவாயைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அரண்மனையில் ஹவாய்க் கொடி இறக்கப்பட்டு அமெரிக்கக் கொடி ஏற்றப்பட்டபோது, சுதேச மக்களுட் பலர் அவ்விழாவுக்குப் போகாமல் வீட்டினுள்ளேயே இருந்தனர். முடிக்குரிய இளவரசி கயுலானி அடுத்த ஆண்டு இருபத்துமூன்று வயதிலேயே இறந்தார். கூஹியோ மனைவியுடன் நாட்டை விட்டுப் புறப்பட்டு ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் அலைந்தார். தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது பிரித்தானியர் பக்கத்திற் சேர்ந்து போரிட்டார் என்பது அவர் வாழ்க்கையிலே எனக்கு எளிதில் விளங்காத பகுதி. நாடிழந்த ஒருவர் இன்னொரு சிறு மக்களின் நாட்டைப் பறிக்கும் போரில் ஏன் வாளேந்தினார்? வேலையற்ற வீரமும் இலக்கற்ற துயரமும் மனிதனை எங்கெங்கோ இழுத்துச்செல்லும் என்று மட்டுமே நான் சமாதானஞ் சொல்லிக்கொள்கிறேன். 1901இல் அவர் தாய்நாடு திரும்பினார்.

1902ஆம் ஆண்டுத் தேர்தல்

அவர் திரும்பியபோது நாடு புதிய கோலம் பூண்டிருந்தது. 1900ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹவாய் ஓர் ஆட்சிப் பிரதேசம். அதன் தேசாதிபதியை அமெரிக்க ஜனாதிபதி நியமிப்பார். முதல் தேசாதிபதியாக நியமிக்கப்பட்டவர் வேறெவருமல்லர். அரசியை நீக்கிய குடியரசின் தலைவராயிருந்த டோலே. உள்ளூர்ச் சட்டசபை ஒன்று உண்டு. வாஷிங்டனுக்கு ஒரு பிரதிநிதி உண்டு, அவருக்கு வாக்கில்லை.

எனினும் அச்சட்டத்தினுள் முதலாளிகள் விரும்பாத ஒன்று இருந்தது. வாக்காளருக்குச் சொத்துத் தகுதி வேண்டும் என அவர்கள் கேட்டதைக் காங்கிரஸ் மறுத்துவிட்டது. ஆங்கிலத்திலோ ஹவாய் மொழியிலோ எழுத வாசிக்கத் தெரிந்த ஆண் பிரசை எவரும் வாக்களிக்கலாம் என்றாயிற்று. ஆகவே வாக்காளருட் பெரும்பான்மையினர் சுதேச மக்களே. கரும்புத் தோட்டங்களில் வியர்வை சிந்திய சீன, யப்பானியத் தொழிலாளர் பெருந்தொகையினராய் இருந்தும், குடியுரிமை பெற வழியின்றி, அவர்களுட் பெரும்பாலோர் அத்தேர்தல்களைத் தூரநின்றே பார்த்தனர் என்பதையும் மறைத்தலாகாது.

1900இல் நடந்த முதல் தேர்தலில் வில்கொக்ஸ் சுயாட்சிக் கட்சி என்ற பெயரிற் போட்டியிட்டார். குடியரசுக் கட்சிக்காகச் சாமுவேல் பாக்கரும், ஜனநாயகக் கட்சிக்காகக் கூஹியோவின் தமையன் டேவிட் கவானனக்கோவாவும் அவரை எதிர்த்தனர். மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த கலகக்காரரையே மக்கள் தெரிந்தனர். ஆயுதத்தால் முடியாததை வாக்குச்சீட்டால் செய்துவிட்டோம் என்ற பெருமிதம் அவர்களுக்கு இருந்திருக்கும். உள்ளூர்ச் சட்டசபையிலும் சுயாட்சிக் கட்சியே மேலோங்கியது.

ஆனால் வாஷிங்டனில் வில்கொக்ஸ் தனிமரம். இரு பெருங் கட்சிகளுள் எதிலும் சேராதவர். ஆங்கிலம் சரளமாக வராதவர். இடையே கடும் நோயும் கண்டது. அவருடைய எதிரிகள் அவர் அமெரிக்காவுக்கு விசுவாசமற்றவர் என்று முறைப்பாடு செய்து, ஆசனத்தையே பறிக்க முயன்றனர். அம்முயற்சி தோற்றது. ஆனால் அவர் கொண்டுவந்த மசோதாக்கள் கரையேறவில்லை. வாக்கு உள்ளவனுக்கு நண்பர் இல்லாவிடினும் வாக்கு இருக்கும். வாக்கு இல்லாதவனுக்கு நண்பரும் இல்லையேல் வெறும் நாற்காலியே எஞ்சும். இந்த உண்மையைக் கூஹியோ கண்டுகொண்டார்.

நாடு திரும்பிய கூஹியோ முதலிற் சேர்ந்தது வில்கொக்சின் கட்சியிலேதான். 1902 யூலையில் நடந்த அக்கட்சி மகாநாட்டில் தாம் வேண்டிய சீர்திருத்தங்கள் ஏற்கப்படாமையால் தம் ஆதரவாளருடன் வெளியேறி, சுயேச்சையாக ஓர் அமைப்பைத் தொடங்கினார். சில வாரங்களுள் குடியரசுக் கட்சியினர் அவரை அணுகினர். தம் அரசியைச் சிறைவைத்தவர்களும், தமக்குச் சிறையுடை உடுத்தவர்களும், அவர்களுடைய தோட்டப் பங்காளிகளும் நிறைந்த கட்சி அது. கூஹியோ அவர்களுடைய அழைப்பை ஏற்று அபேட்சகரானார்.

அந்த நாளை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவருடைய வயது முப்பத்தொன்று. அரசி லிலியுவோகலானி இன்னும் உயிரோடு அதே நகரிலே வாழ்கின்றார். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரே கிளர்ச்சியில் நின்ற இருவர், பறித்தவனுடைய சபையில் வாக்கில்லாத ஓர் ஆசனத்துக்காக ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கின்றனர். முதலாளிகளின் கணக்குத் தெளிவானது: சுதேச வாக்குகளைத் தங்கள் பக்கம் இழுக்க அவர்களுக்கு ஓர் அரசகுமாரர் தேவை. கூஹியோவின் கணக்கும் தெளிவானதே: வாஷிங்டனில் ஆட்சி செலுத்தும் கட்சியின் துணையின்றி வாக்கில்லாதவர் எதையும் சாதிக்க முடியாது. இரு கணக்குகளுள் எது வெல்லும் என்பதுதான் மிச்சமிருந்த இருபது ஆண்டுகளின் கதை.

1902 நவம்பரில் மக்கள் இளவரசரையே தெரிந்தனர். குலத்தலைவர்மேல் அவர்கள் வைத்திருந்த பழம்பற்று ஒருபுறமும், கட்சியின் பணமும் அமைப்பும் மறுபுறமும் அவருக்குத் துணைநின்றன. வில்கொக்ஸ் மீண்டும் வேறொரு பதவிக்குப் போட்டியிட முற்பட்டு, பிரசாரத்தின் நடுவே, 1903 அக்டோபரில் நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். பின்னாளில் ஹொனலூலு நகரத் தெருவில் அவருக்குச் சிலை எழுந்தது. தோற்றவரையும் மறவாத மக்கள் அவர்கள்.

இருபது ஆண்டு உழைப்பு

1903 மார்ச் முதல் இறக்கும்வரை கூஹியோ அவ்வாசனத்தில் இருந்தார். பத்துத் தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். அரச குடும்பத்திற் பிறந்து அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்தவர் அவர் ஒருவரே என்பர்.

வாக்கில்லாதவர் எப்படி வேலை செய்வார்? வாக்குள்ளவர்களை அறிந்துகொள்வதன் மூலமே. கூஹியோ அவர்களோடு சீட்டாடினார், விருந்தளித்தார், பகலிற் குழு அறைகளிலும் இரவிற் கூடங்களிலும் தம் தீவுகளின் கதையைச் சொன்னார். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே அப்படி ஒரு நாடு உண்டென்பதையே சரியாக அறியாத உறுப்பினர்களை 1907இலும் 1915இலும் கூட்டமாக ஹவாய்க்கே அழைத்துவந்து காட்டினார். குறை சொல்ல விரும்புவோர் இதனைக் கேளிக்கை என்பர். எனக்கோ, கைவிலங்கு பூட்டப்பட்டவன் தோளினால் கதவைத் திறக்கும் வித்தையாகவே அது தோன்றுகிறது.

துறைமுகங்களுக்கும் வெளிச்சவீடுகளுக்கும் வீதிகளுக்கும் அவர் பணம் பெற்றுக்கொடுத்தார். 1908இல் பேர்ள் துறைமுகத்தில் கடற்படைத்தளம் அமைக்கக் காங்கிரஸ் இணங்கியதில் அவர் முயற்சிக்குப் பங்குண்டு. அத்தளம் 1941இல் உலக வரலாற்றில் எப்படி இடம்பெற்றது என்பது எல்லாரும் அறிந்தது. நாட்டுக்கு வேலைவாய்ப்பென்று கொணர்ந்தது நெருப்பையும் கூடவே கொணர்ந்தது. எரிமலைகளைக் காக்கும் தேசியப் பூங்கா 1916இல் அமைந்தது. 1918இல், பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் அதிகாரத்தை ஹவாய்ச் சட்டசபைக்கு அளிக்கும் சட்டம் அவருடைய முயற்சியால் நிறைவேறிற்று. தமக்கு வாக்கில்லாத சபையில் நின்று பிறருக்கு வாக்குத் தேடினார் என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளல் நன்று. 1919இல் ஹவாயை முழு மாநிலமாக்கும் முதல் மசோதாவையும் அவரே கொண்டுவந்தார்.

கட்சிக்கு அவர் அடிமையாகவும் இருக்கவில்லை. தேசாதிபதி வோல்ற்றர் பிறியர் அரசகாணிகளை ஏழைகளுக்குப் பகிராமல் தோட்டக்காரருக்கே சாதகமாக நடந்துகொள்கிறார் என்று வெளிப்படையாக முறையிட்டு, அவரை மீண்டும் நியமிக்கலாகாது என 1911இல் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டு உள்நாட்டமைச்சரே ஹொனலூலுவுக்கு வந்து விசாரணை நடத்தினார். தம்மைத் தூக்கிவைத்த கைகளையே அவர் கடித்தார் என்று முதலாளிகள் முணுமுணுத்திருப்பர்.

காணிச் சட்டம்

அவர் வாழ்வின் பெரும்பணி கடைசியில் வந்தது. வெள்ளையர் முதலில் அடிவைத்தபோது லட்சக் கணக்கில் இருந்த ஹவாய் மக்கள், அந்நிய நோய்களால் மடிந்து மடிந்து, 1920ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் கலப்பற்றவர் ஏறத்தாழ 24,000 பேராகக் குறுகிவிட்டனர். காணியிழந்தோர் ஹொனலூலுவின் நெரிசலான குடியிருப்புகளிற் காசநோயோடு கிடந்தனர். 1848இல் மன்னர் காலத்திற் செய்யப்பட்ட காணிப் பங்கீட்டிற் சாதாரண குடிகளுக்குரிய பங்கு அவர்களை வந்தடையவேயில்லை. இணைப்பின்போது அமெரிக்காவுக்குக் கைமாறிய அரசகாணிகளில் அவர்களுக்குரிய உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது என்பது கூஹியோவின் வாதம். ஆதலின் அக்காணிகளில் ஒரு பகுதியைச் சுதேசிகளுக்கென ஒதுக்கி, மண்ணோடு மீண்டும் சேர்த்தாலன்றி அவ்வினம் பிழையாது என்று அவர் கூறினார். அவர் கேட்டது பிச்சையன்று, வரவேண்டிய கடன்.

மசோதா 1920இல் பிரதிநிதிகள் சபையைக் கடந்தது. செனற் சபையில் தடைப்பட்டது. கரும்பு முதலாளிகள் பேரம் பேசினர். ஈற்றில் 1921 யூலை 9ஆம் நாள் ஜனாதிபதி ஹாடிங் கையெழுத்திட்ட ஹவாய் மனைக்காணிச் சட்டம் ஏறத்தாழ 2,00,000 ஏக்கரைச் சுதேசிகளுக்கென ஒதுக்கியது. ஆண்டுக்கு ஒரு டொலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகை. ஆனால் நல்ல கரும்புக்காணிகள் விலக்கப்பட்டன. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி நீரற்ற வறள்நிலமும் எரிமலைக் கற்பரப்பும். முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஹவாய் இரத்தம் உள்ளவர்க்கும் உரிமை வேண்டும் என்று கூஹியோ கேட்க, சட்டமோ பாதிக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்றது. திட்டமும் முதல் ஐந்தாண்டுக்குப் பரீட்சார்த்தமானதே. கூடவே, கம்பனியொன்று ஆயிரம் ஏக்கருக்குமேல் காணி கொள்ளலாகாது என்ற பழைய தடையும் நீக்கப்பட்டது. கொடுத்த கை எடுத்தும் கொண்டது.

இங்கேதான் அந்த ஆசனத்தின் முழுக்கொடுமை எனக்குப் புலனாயிற்று. தம் இனம் வாழுமா சாகுமா என்று எண்ணி அவர் உருவாக்கிய மசோதா அது. இரத்தத்தின் அளவையும் நிலத்தின் தரத்தையும் பிறர் மாற்றி மாற்றி எழுதினர். ஹவாய் எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாதவர்களுக்கும் அதன்மேல் வாக்கு இருந்தது. அதனைப் பெற்றெடுத்தவருக்கு மட்டும் இல்லை. பத்தில் ஒன்பதைத் தள்ளி ஒன்றைத் தந்தாலும் பெற்றுக்கொள்வதா, முழுவதையும் மறுத்துவிட்டு மானத்தோடு வீடு திரும்புவதா என்ற கேள்வியன்றி வேறெதையும் அந்த ஆசனம் அவருக்கு விட்டுவைக்கவில்லை. அவர் ஒன்றைப் பெற்றுக்கொண்டார்.

மறைவு

அச்சட்டத்தை நடத்தும் ஆணைக்குழுவின் முதல் உறுப்பினருள் ஒருவராக அவர் அமர்ந்தார். மொலக்காய்த் தீவின் வறண்ட நிலத்தில் முதற்குடியேற்றம் உருவாகி வந்தது. அதற்கு அவர் பெயரே இடப்பட்டது. அது செழித்ததைக் காண அவர் இருக்கவில்லை. 1922 ஜனவரி 7ஆம் நாள், வைகிகிக் கடற்கரையில் இருந்த தம் வீட்டில், இதயநோயால் ஐம்பதாவது வயதில் உயிர்நீத்தார். சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1918இல், அவ்வீட்டின் முன்னிருந்த வேலியைப் பிடுங்கிக் கடற்கரையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார். அரசமரபினர்க்குரிய முழுச் சடங்குகளோடு நுவானுப் பள்ளத்தாக்கின் அரசர் கல்லறையில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். அத்தகைய அரச மரியாதையோடு நிகழ்ந்த இறுதிச்சடங்கு அதுவே கடைசி என்பர்.

அவர் விட்டுச்சென்ற ஆசனத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் கரும்புத் தோட்டக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ஹென்றி போல்ட்வின். இச்செய்தியைப் படித்தபோது முதலாளிகளின் கணக்கே வென்றது என நான் ஒரு கணம் எண்ணினேன். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ஹவாய் 1959 ஆகஸ்ட் 21ஆம் நாள் மாநிலமாயிற்று. கூஹியோ தம் மசோதாவைக் கொண்டுவந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, ஹவாய்ப் பிரதிநிதியின் பெயரும் வாக்குக்கு அழைக்கப்பட்டது. அவ்வாறு அழைக்கப்பட்ட முதல்வர் டானியல் இனூயே. யப்பானியத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தின் வழிவந்தவர். 1902இல் தூரநின்று பார்த்தவர்களின் பேரப்பிள்ளை. 1993இல், அரசியை நீக்கியதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றி ஹவாய் மக்களிடம் மன்னிப்புக் கோரியது. மனைக்காணிச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அதன்கீழ் வாழ்வோர் பலர். தம் பெயர் எப்போது வரும் எனக் காத்திருந்து, காத்திருந்தபடியே இறந்தோரும் பலர். 1949இல் பொது விடுமுறையாக்கப்பட்ட அவருடைய பிறந்தநாள் இன்றும் அங்கே கொண்டாடப்படுகிறது.

அந்த வாக்கில்லா ஆசனமும் ஒழிந்துவிடவில்லை. தலைநகரான வாஷிங்டனும், குவாம், அமெரிக்கச் சமோவா, வட மரியானா, வேர்ஜின் தீவுகள், போட்டோ றிக்கோ ஆகியனவும் இன்றும் அத்தகைய பிரதிநிதிகளையே பிரதிநிதிகள் சபைக்கு அனுப்புகின்றன.

வில்கொக்ஸ் சரியா, கூஹியோ சரியா என்று என்னிடம் மாணவர் எவரேனும் கேட்டால் நான் உடனே விடை கூறமாட்டேன். வில்கொக்ஸ் தம் மக்களுக்கு நெஞ்சு நிமிர்த்தி நிற்கக் கற்பித்தார். அவருக்குப் பின் எஞ்சியது நினைவு. கூஹியோ பகைவரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்டார். அவருக்குப் பின் எஞ்சியது கல்லும் முள்ளும் கலந்த நிலம். நினைவு இல்லாத மக்களுக்கு நிலம் கிடைத்தும் பயனில்லை. நிலம் இல்லாத மக்கள் நினைவை எங்கே நட்டு வளர்ப்பர்? ஆயினும் ஒன்றை நான் திருத்திக்கொண்டேன். வாக்கில்லாத ஆசனத்தில் அமர்ந்தவரைப் பேதை என்று இனி நான் எண்ணமாட்டேன். அவரைப் பார்த்து நகைப்பதற்கு முன், அவர் வாக்கைப் பறித்தவர் யார் என்று கேட்பதே முறை.